பால்மானியும் அதன் பிழையும்

பாலில் நீர் கலந்திருக்கிறதா என்று அறிய உதவும் பால்மானியை மாணவர்களாகிய நீங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். அடியில் ஈயக்குண்டுகள் இட்ட கண்ணாடிக் குமிழ். அதன்மேல் மெல்லிய தண்டு. தண்டினுள் ஒரு காகித அளவுகோல். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும் என்ற ஆர்க்கிமிடீஸின் விதியே இதற்கு அடிப்படை. திரவம் அடர்ந்ததாயின் கருவி உயர்ந்து நிற்கும், நீர்த்ததாயின் ஆழ்ந்துவிடும். கோலில் 28 என்று கண்டால் ஒப்படர்த்தி 1.028 என்பது பொருள். பசும்பால் பொதுவாக 28 முதல் 30 வரை காட்டும். எருமைப்பால் சற்று மிகும்.

முப்பதாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். ஓய்வுபெற்றுக் கோச்சடையில் குடியேறியபின், கடையொன்றில் மலிவான பால்மானி ஒன்றை வாங்கினேன். மறுநாட் காலை பாலில் இட்டேன், 24 காட்டியது. ஏறக்குறைய ஆறிலொரு பங்கு நீர் என்று கணக்கிட்டு, வாசலிலேயே பால்காரரைக் கடிந்துகொண்டேன். என்னினும் மூத்தவர் அவர். “ஐயா, கறந்ததைத்தான் கொண்டுவந்தேன்” என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. பேரன் பால் கொண்டுவந்தான். அன்றும் 24. அப்பொழுதுதான், மாணவர்களுக்கு நான் ஓயாமல் சொல்லிவந்த ஒன்றை நானே செய்யவில்லை என்பது நினைவிற்கு வந்தது. கருவியை நான் சோதிக்கவேயில்லை.

கோலின் அடியில் ‘60 பாகை பாரன்ஹீட்’ என்று நுண்ணெழுத்தில் அச்சிட்டிருந்தது. அதாவது 15.5 பாகை செல்சியஸ். மார்கழி விடியலிலும் கோச்சடையில் அக்குளிரைக் காண்பது அரிது! பாலில் வெப்பமானியை இட்டேன். 86 பாகை பாரன்ஹீட். வெப்பத்தால் பால் விரிந்து அடர்த்தி குறையும். ஆதலின் அறுபதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாகைக்கும் 0.1 கூட்டவேண்டும். 26 பாகைக்கு 2.6 ஆயிற்று. நம் நாட்டில் 27 பாகை செல்சியஸுக்கென அளவிட்ட பால்மானிகளும் உண்டு. அவற்றிற்கு இக்கணக்குப் பொருந்தாது.

பின்பு, காய்ச்சி வடித்த நீரைப் பனிக்கட்டியால் 60 பாகைக்குக் குளிர்வித்துக் கருவியை மிதக்கவிட்டேன். பூச்சியத்தில் நிற்கவேண்டியது, அக்கோடும் மூழ்கி, இரண்டு கோட்டளவு கீழிறங்கி நின்றது. ஓரிடத்தில் மட்டும் சோதித்தால் போதாது. கோடுகளின் இடைவெளியே தவறாக இருத்தல் கூடும். எனவே ஈரமற்ற தூய உப்பு 4 கிராம், நீர் 96 கிராம் என்று நிறுத்துக் கரைத்தேன். அவ்வெப்பநிலையில் அக்கரைசலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.029. கருவியோ 27 காட்டியது. ஈரிடத்தும் ஒரே பிழை. ஆகவே கோடுகள் சரி, காகிதம்தான் இடம் பிறழ ஒட்டப்பட்டிருக்கிறது. இத்தகைய கருவியை எறியவேண்டுவதில்லை. தன் பிழை இன்னதென்று தெரிந்த மலிவுக் கருவி, சோதிக்கப்படாத விலையுயர்ந்த கருவியினும் நம்பத்தக்கது.

24உடன் 2.6உம் 2உம் கூட்டினால் 28.6. அது நல்ல பால். போதாக்குறைக்கு, கறந்த சிறிது நேரத்திற்குப் பாலின் அடர்த்தி சற்றுக் குறைவாகவே காணும். நுண்ணிய காற்றுக்குமிழிகளும் அதில் மிதக்கும். அதற்கும் நான் இடங்கொடுக்கவில்லை.

அன்று மாலை அவருடைய தொழுவத்திற்கே சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கன்றை அவிழ்த்துக்கொண்டே, “ஏட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டால் உங்கள் கருவி என்ன சொல்லும், ஐயா?” என்று கேட்டார்.

தேர்ந்த ஆசிரியர் கேட்கும் வினா அது. கொழுப்பு நீரினும் இலேசானது. அதன் ஒப்படர்த்தி சுமார் 0.93. ஏட்டை நீக்கினால் எஞ்சிய பால் 35, 36 வரை ஏறும். அதில் அளவறிந்து நீர் சேர்த்தால் மீண்டும் 29க்கு இறங்கி நிற்கும். நேர்மையானவரைக் கள்வராக்கிய கருவி, கள்வரை நேர்மையானவராகக் காட்டிவிடும். பால்மானி எடையை அறியும். எதனால் வந்த எடை என்பதை அறியாது. அதனாற்றான் பால் சங்கங்களில் கொழுப்பைத் தனியே அளக்கிறார்கள். சுவிட்சர்லாந்து நாட்டவராகிய கெர்பர் வகுத்த முறையில், பாலுடன் கந்தக அமிலமும் அமைல் ஆல்ககாலும் சேர்த்து விரைந்து சுழற்றுவார்கள். புரதம் அமிலத்தில் கரைய, கொழுப்புத் தனியே பிரிந்து குழாயின் கழுத்தில் ஏறி நிற்கும். இந்நாளில் மின்னணுக் கருவிகளும் பல இடங்களில் வந்துவிட்டன. அவற்றையும் அவ்வப்போது இம்முறையோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும்.

அவர் பாலை ஒருநாள் அவ்வாறு சோதிக்கச் செய்தேன். கொழுப்பு நூற்றுக்கு 4.2 இருந்தது. இப்பொழுது என் பால்மானியின் உறைமீது ‘இரண்டு கூட்டுக’ என்று எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது.