கடற்கரையில் எடுத்த போட்டோ

என் மகள் குடும்பம் செயின்ட் லூசியா தீவில் இருக்கிறது. அவளுடைய பிரசவத்துக்காக 2019 நவம்பரில் போனவள், 2020 பிப்ரவரியில்தான் ஊர் திரும்பினேன். கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவு, மேப்பில் பார்த்தால் ஒரு கடுகு. நீளம் 43 கிலோமீட்டர், அகலம் 22 கிலோமீட்டர்தான். புறப்படும்போது மகன் தன் காமிராவை என்னிடம் கொடுத்து, "அம்மா, காலண்டர்ல போடற மாதிரி எடுத்துட்டு வா" என்றான்.

காலண்டர் படத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. சூஃப்ரியர் என்ற ஊருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் இரண்டு மலைகள் கூம்பு கூம்பாக நிற்கின்றன. 'பிட்டோன்' என்கிறார்கள். பெரியது 798 மீட்டர், சின்னது 743 மீட்டர். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். ஆசையாக உச்சி வெயிலில் இருபது படம் எடுத்தேன். அத்தனையும் வெளுத்துப் போய், கஞ்சி போட்ட வேட்டி மாதிரி வந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது. காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மாலை நாலுக்கு மேல். மேற்குக் கரையில் கடல் குளம் போல் இருக்கும், சூரியன் மறைவதும் அந்தப் பக்கம்தான். கிழக்கே அட்லாண்டிக், அலை மேலே தெறித்து காமிராவைக் கெடுத்துவிடும்.

மேற்குக் கரையில் ஆன்ஸ் லா ரே என்று ஒரு மீனவக் கிராமம். ஒருநாள் காலை மகளும் நானும் போனோம். திடீரென்று சங்கு ஊதும் சத்தம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் காலையில் சங்கு கேட்டால் மனசு எங்கே போகும்? மகள் சிரித்தாள். "ஒண்ணுமில்லம்மா, மீன் வந்தாச்சுன்னு ஊருக்குச் சொல்றாங்க." உள்பக்கம் ரோஸ் நிறத்தில், இரண்டு கை நிறையப் பிடிக்க வேண்டிய பெரிய சங்கு. சத்தம் கேட்டதும் பாத்திரத்தோடு பெண்கள் வந்துவிட்டார்கள்.

அங்கே ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும், மீன் அறுத்துக்கொண்டிருந்தார். தலையில் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட துணி. அந்தத் துணிக்குப் பெயரே 'மதராஸ்'! அந்தக் காலத்தில் நம் சென்னைப் பட்டணத்துப் பக்கம் நெய்து கப்பலில் போன துணி, அந்தத் தீவுகளில் தலைக்கட்டாகி, இப்போது விசேஷ நாட்களில் கட்டும் தேசிய உடையிலும் சேர்ந்துவிட்டது. தலையில் முடிச்சு போட்டு முனைகளை நிமிர்த்தி விடுவார்கள். முன்னாளில் ஒரு முனை என்றால் மனசு காலி, இரண்டு என்றால் பேச்சு முடிந்தது, மூன்று என்றால் கல்யாணம் ஆனவள் என்று அர்த்தமாம். நாலு முனைக்கு என்ன அர்த்தம் என்று மகள் சொன்னதை இங்கே எழுத முடியாது!

நான் சட்டென்று காமிராவைத் தூக்கி எடுத்துவிட்டேன். அவ்வளவுதான், கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். பிரெஞ்சு கலந்த கிரியோலில் ஏதோ சொல்லிவிட்டு, எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்திலும் சொன்னார்: "என்னைக் கேட்டியா? கப்பல்ல வர்றவங்கதான் கேக்காம எடுப்பாங்க. உன்னைப் பார்த்தா வீட்டுப் பொம்பளையா தெரியுது, நீயுமா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டு வாசலில் நான் கோலம் போடும்போது யாரோ ஒரு வெள்ளைக்காரர் படம் எடுத்தால் சும்மா விடுவேனா? மன்னிப்புக் கேட்டேன். அந்தப் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். கொஞ்ச நேரம் மீனைப் பற்றிப் பேசினோம். அங்கே பச்சை வாழைக்காயை 'ஃபிக்' என்கிறார்கள். அதை வேகவைத்து உப்புக் கருவாட்டோடு சேர்த்துச் சமைப்பது அவர்களுடைய தேசிய உணவு. நம் வீட்டில் கருவாடும் வாழைக்காயும் உண்டு என்றதும் அவருக்குச் சிரிப்பு. கிளம்பும்போது, "சரி, இப்போ எடு" என்று அவரே சொன்னார். தலைத்துணியை அவிழ்த்து, உதறி, புதிதாகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். பிரதி அனுப்புவதாகச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஊருக்கு வந்து பிரிண்ட் போட்டேன். அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. கவர் பீரோவிலேயே கிடந்தது. சேலை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும், குற்றவாளி போல இருக்கும். 2022-ல் மகள் குழந்தையோடு வந்து போனபோதுதான் கொடுத்தனுப்ப முடிந்தது.

அந்த அம்மாள் மார்ட்டினிக் தீவில் மகளோடு இருக்கப் போய்விட்டாராம். கடையில் அவருடைய தங்கை இருந்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாராம். "அனுப்பறேன்னு எல்லாரும் சொல்லுவாங்க" என்றாராம். தராசுக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு, "அடுத்த தடவை உங்கம்மா வந்தா மீனும் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லு, வியாபாரத்துக்கு ஆகும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

— வாசகி, நாகர்கோவில்