சங்கிலி ரம்பம்: பின்உதையைத் தவிர்ப்பது எப்படி?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை வட்டாரங்களில் ரப்பர் முக்கியமான பணப்பயிர். நட்ட சுமார் 7 ஆண்டுகளில் பால்வெட்டு தொடங்குகிறது. 25 முதல் 30 ஆண்டுகள் கழிந்து மகசூல் குறைந்ததும், மரங்களை அறுத்து அகற்றி மறுநடவு செய்கிறார்கள். முன்பு கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்த வேலையை இன்று செயின்சா எனப்படும் சங்கிலி ரம்பம் செய்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, அவற்றை அகற்றுவதில் இக்கருவியே பெரிதும் கைகொடுத்தது. ஆனால் கவனம் தப்பினால் கையோ, முகமோ, உயிரோகூடப் போகக்கூடும்.

பின்உதை ஏன்?

சங்கிலி வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டு முனையின் மேற்பாதி மரத்திலோ, மறைந்து கிடக்கும் கிளையிலோ பட்டால், பல் சிக்கிக்கொள்கிறது. சங்கிலியின் விசை முழுவதும் தகட்டை மேலும் பின்னுமாகத் தள்ளுகிறது. ரம்பம் வில்போல வளைந்து, இயக்குபவரின் கழுத்தையும் முகத்தையும் நோக்கி எகிறுகிறது. இது கண் இமைக்கும் நேரத்திற்குள் நடந்துவிடுவதால், பார்த்து விலக வழியில்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

தடுக்கும் முறைகள்

1. தகட்டின் முனையால் அறுக்கக்கூடாது. முனை எங்கே இருக்கிறது என்பதில் எப்போதும் கண் இருக்கவேண்டும். கிளைகள் குவிந்த இடத்தில் இது மிக அவசியம்.

2. இரு கைகளாலும் பிடிக்கவேண்டும். இடது கைப் பெருவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்கவேண்டும். ஒரு கையால் அறுப்பது கூடவே கூடாது.

3. ரம்பத்துக்கு நேர்பின்னால் நில்லாமல், சற்று இடப்புறம் விலகி நிற்கவேண்டும். தோள் உயரத்துக்கு மேல் அறுக்கலாகாது. ஏணியில் நின்றும் அறுக்கலாகாது.

4. முன்கைக்காப்புடன் இணைந்த சங்கிலி பிரேக் 1970-களில் வந்தது. பின்உதையின்போது சங்கிலியை உடனே நிறுத்துவது இதுவே. தினமும் வேலை தொடங்குமுன் இது பிடிக்கிறதா என்று சோதிக்கவேண்டும். பிரேக் கெட்ட ரம்பத்தைத் தொடவே கூடாது.

5. மழுங்கிய பல்லும், தொய்ந்த சங்கிலியும் ஆபத்தானவை. பல்லுக்கு முன்னுள்ள சிறு திமிலை அளவுக்கு மேல் அராவினால், பல் ஆழமாகக் கடித்துப் பின்உதை மிகும்.

6. ரம்பத்தைத் தரையில் வைத்து, பிரேக் போட்டு, பின்கைப்பிடிக்குள் காலை ஊன்றியே இயக்கவேண்டும். கையில் தொங்கவிட்டு இழுக்கக்கூடாது.

விழுந்த மரத்தில் கூடுதல் கவனம்

காற்றில் சாய்ந்த மரம் வளைந்து முறுகிக் கிடக்கும். அழுந்திய பக்கத்தில் முதலில் சிறிது அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்தில் அறுக்கவேண்டும். மாற்றிச் செய்தால் மரம் பிளந்து அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரத்தை அடியில் அறுத்ததும் வேர்க்கட்டி குழிக்குள் திரும்பச் சாயலாம். எனவே அதன் பின்னால் குழந்தைகளோ ஆடுமாடுகளோ நிற்கலாகாது. சரிவில் மரத்தின் மேற்பக்கமே நிற்கவேண்டும். நிற்கும் மரத்தை வீழ்த்துகையில் மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவில் இருக்கவேண்டும்.

உடையும் முதலுதவியும்

சாரம் கட்டியும், தோளில் துவர்த்து போட்டும் வேலை செய்வது நம் பழக்கம். சங்கிலி ரம்பத்துக்கு அது ஆகாது. துணி சங்கிலியில் சிக்கினால் உடலையும் இழுத்துவிடும். தலைக்கவசம், கண்காப்பு, காதடைப்பு, தோல் கையுறை, கனத்த காலணி தேவை. சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் இழை அடுக்குகள் கொண்ட கால்சட்டை கிடைத்தால் மிக நல்லது. தனியாக ஒருவர் வேலை செய்யக்கூடாது. காயம்பட்டால் சுத்தமான துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்து, 108-க்கு அழைக்கவேண்டும்.

தோட்டக்காரர் பொறுப்பு

மரத்துக்கு இவ்வளவு என்று குத்தகை பேசும்போது வேலையில் அவசரம் கூடுகிறது. ஆகவே கூலி பேசும்போதே பிரேக்கையும், கவசங்களையும் பார்த்துக்கொள்வது தோட்ட உரிமையாளரின் கடமை. மறுநடவு ஒரு மாதம் தள்ளிப்போனால் ஈடுகட்டலாம். அறுபட்ட கை திரும்ப முளைக்காது.