கையளவு கணினி - 11: ஒரு துளை, இரண்டு கால்கள்

பீகிள்போன் பிளாக் போர்டின் இரு ஓரங்களிலும் பி8, பி9 என்று இரண்டு துளை வரிசைகள், வரிசைக்கு 46. பெரும்பாலான துளைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேலை உண்டு. போன வாரம் அதோடு நின்றோம். இந்த வாரம் டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு) எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் பி9 வரிசையின் 42-ஆம் துளையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

அதில் ஒரு ஒயரைச் செருகுங்கள். அது சிப்பின் ஒரு காலில் போய் முடிவதில்லை, இரண்டு கால்களில் முடிகிறது! ஒன்று ஜிபிஐஓ (பொது உள்ளீடு-வெளியீடு) 0_7, மற்றது 3_18. போர்டிலேயே இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் 41-உம் அப்படித்தான்: 0_20, 3_20. காரணம் அழகானது. 42-இன் முதல் காலில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து அளவைக் கட்டுப்படுத்தும் முறை) கிடைக்கும். பிஆர்யூ என்ற துணைச் செயலியின் நேரடி இணைப்பு இரண்டாவது காலில்தான் இருக்கிறது. ஒரே துளையில் இரண்டு வசதியும் வந்துவிடுகிறது.

ஆபத்தும் அங்கேதான். இரண்டு கால்களையும் வெளியீடாக வைத்து, ஒன்றை 3.3 வோல்ட்டுக்கும் மற்றதை பூஜ்யத்துக்கும் தள்ளினால் சிப் தன்னோடு தானே மோதிக்கொள்ளும், கால் கருகலாம். ஒன்றைப் பயன்படுத்தும்போது இன்னொன்றைக் கட்டாயம் உள்ளீடாக மாற்றிவிட வேண்டும்.

இப்படி மாற்றுவது எப்படி? ஒவ்வொரு காலுக்கும் சிப்புக்குள் ஒரு ரெஜிஸ்டர். அதன் கடைசி மூன்று பிட்டுகள்தான் வேலையைத் தீர்மானிக்கின்றன: 0 முதல் 7 வரை. 7 என்றால் சாதாரண ஜிபிஐஓ. பி9-இன் 14-ஆம் துளைக்கு 6 கொடுத்தால் பிடபிள்யூஎம். எல்இடியை மெல்ல மங்கச் செய்யலாம். அடுத்த இரண்டு பிட்டுகள் புல்-அப், புல்-டவுன் சமாசாரம். அதற்கும் அடுத்த பிட் உள்ளே வரும் சிக்னலைப் படிக்க அனுமதிக்கிறது. அதை அணைத்துவிட்டால், சுவிட்சை எத்தனை முறை அழுத்தினாலும் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது.

"ரூட்டாக நுழைந்து டெவ்-மெம் (நினைவகத்தை நேரடியாகத் தொட உதவும் லினக்ஸ் கோப்பு) வழியாக ரெஜிஸ்டரில் எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் படித்துப் பார்த்தால் பழைய எண்ணே இருக்கிறது" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் தப்பே இல்லை. இந்த ஏஎம்335எக்ஸ் சிப்பில், பிராசசர் சலுகை நிலையில் இருந்தால்தான் அந்த ரெஜிஸ்டர்கள் எழுத்தை ஏற்கும். ரூட் என்பது லினக்ஸ் தரும் பதவி. ரூட்டின் புரோகிராமும் பயனர் நிலையில்தான் ஓடுகிறது. அது எழுதுவதைச் சிப் சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. அதிகாரம் கெர்னலிடம் இருக்கிறது.

கெர்னலில் கால்களின் வேலையை மாற்றுவதற்கென்றே பின்கண்ட்ரோல் என்ற பகுதி உண்டு. லீனஸ் வாலெய் எழுதியது. 2012 ஜனவரியில் வந்த 3.2 பதிப்பில் சேர்ந்தது. பிறகு சார்லஸ் ஸ்டைன்கூலர் உருவாக்கிய யுனிவர்சல் கேப் என்ற மென்பொருள் தொகுப்பு, இதையெல்லாம் "கன்ஃபிக்-பின் பி9.14 பிடபிள்யூஎம்" என்ற ஒரே வரியில் அடக்கிவிட்டது. போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே காலின் வேலையை மாற்றலாம். எனக்கு இதைவிடப் பிடித்த கட்டளை இந்த போர்டில் வேறில்லை.

டிவைஸ் ட்ரீ அடுத்த வாரம். அதுவரை ஒரு எச்சரிக்கை: பி8-இல் 31 முதல் 46 வரையுள்ள துளைகளைத்தான் சிப் கண் விழித்ததும் படித்து, எங்கிருந்து பூட் ஆவது என்று முடிவு செய்கிறது. அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் தரும் எதையும் செருகி வைத்துவிட்டு போர்டை ஆன் செய்யாதீர்கள்.

(தொடரும்)