போதிப்பவர் படிக்க நேரம் எங்கே?

இங்கிலாந்தில் 16 வயதில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் பெருந்தொகையினர் பிற்பாடு சென்று சேருமிடம் தொடர்கல்விக் கலாசாலை. குழாய் வேலை, மின்சார வேலை, தச்சு, சமையல், குழந்தை பராமரிப்பு ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. மாலை வேளையில் வயது வந்த தொழிலாளரும் வந்து படிக்கின்றனர். பிரபுக்களின் புதல்வர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை; ஆகையால்தான் போலும், அதைப் பற்றிப் பார்லிமெண்டில் பேச்சும் குறைவு.

இக்கலாசாலைகளின் உபாத்தியாயர்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். பள்ளி உபாத்தியாயர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற பின்னரே வகுப்பினுள் நுழைகிறார். இங்கோ எல்லாம் தலைகீழ். இருபது வருஷம் குழாய் பொருத்திய ஒருவர் முதலில் வகுப்பில் நிறுத்தப்படுகிறார். போதனைக்குரிய யோக்கியதாம்சத்தை உத்தியோகத்தில் இருந்துகொண்டே, சாதாரணமாக இரண்டு வருஷ மாலைப் படிப்பில், தேடிக்கொள்கிறார்.

இம்முறையை நாம் இழிவாகக் கருதவில்லை. செப்புக் குழாயில் பற்றுவைப்பதை எடுத்துக்கொள்வோம். தேர்ந்த தொழிலாளி இணைப்பைத் துலக்கி, பசை தடவி, இணைப்பையே சூடாக்குவார். ஈயம் தானாக உள்ளே ஓடிப் பரவும். புதிய மாணவனோ தீச்சுவாலையை ஈயத்தின் மீதே காட்டுவான். அது உருண்டு தரையில் விழும். ஏன் விழுந்தது என்று அவன் கேட்டால், கைக்குத் தெரிந்த விஷயம் ஆசானின் வாய்க்கு வருவதில்லை. அதை வாய்க்குக் கொண்டுவருவது தனி வித்தை. செவ்வாய்க்கிழமை மாலை கற்ற அவ்வித்தையைப் புதன்கிழமை காலையில் பரீட்சித்துப் பார்க்கும் வசதி பள்ளிப் பயிற்சியாளருக்கு எளிதில் வாய்க்காது. அன்றியும், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேறாதவர்கள் அவற்றைத் தொடர்ந்து படித்தாக வேண்டும் என்று 2014-ல் ஏற்பட்ட விதியினால், பள்ளியில் தோல்வியுற்ற பிள்ளைகளின் மனச்சோர்வும் இவ்வாசான்களின் பொறுப்பிலேயே வந்து சேர்ந்தது.

தொழிலாசான்களுக்குத் தனிப் பயிற்சி அவசியம் என்று 1944-லேயே மக்நேர் கமிட்டி கூறிற்று. யுத்தம் முடிந்ததும் போல்டன், லண்டன், ஹடர்ஸ்பீல்ட் ஆகிய இடங்களில் அதற்கென்று கலாசாலைகள் தோன்றின. எனினும் கட்டாயம் என்பது 2001-ல்தான் வந்தது. 2007-ம் வருஷச் சட்டவிதிகள் அதை இறுக்கி, புதியவர்கள் ஐந்து வருஷங்களுக்குள் யோக்கியதாம்சம் பெற வேண்டும் என்றன. 2012-ல் லிங்பீல்ட் பிரபுவின் கமிட்டி, இவையெல்லாம் அந்தந்தக் கலாசாலையின் பொறுப்பு என்று சிபார்சு செய்தது. 2013 செப்டம்பரில் கட்டாயம் ரத்தாயிற்று.

கமிட்டியின் வாதத்தில் பாதி நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. விதிகளும் படிவங்களும் மலிந்தால் நல்ல ஆசான் தோன்றிவிட மாட்டார். மறுபாதியையே நாம் ஒப்பமுடியவில்லை. அவ்வருஷங்களில் சர்க்கார் மானியம் சுருங்கி, கலாசாலைகள் பணமுடையில் தவித்தன. பணமுடையில் உழலும் நிர்வாகி முதலில் கை வைப்பது எதில்? உபாத்தியாயர் படிப்பதற்கென்று விட்டுக்கொடுத்த மணிகளில்தான். வாரத்தில் இருபது மணிக்கு மேல் போதித்துவிட்டு, வீடு திரும்பி, குழந்தைகள் உறங்கிய பின் கட்டுரை எழுத உட்காருபவரிடம் "உன் இஷ்டம், கட்டாயமில்லை" என்பதைச் சுதந்திரம் என்று சொல்வது பரிகாசமேயாகும். 2012 ஏப்ரலிலிருந்து இவர்களில் முழுத் தகுதி பெற்றோர் பள்ளிகளிலும் சம அந்தஸ்து அடைந்தனர். நல்லதே, ஆனால் பள்ளியில் சம்பளம் அதிகம். ஆகவே கஷ்டப்பட்டுப் படித்ததன் பரிசு, தொழிற்கூடத்தை விட்டுப் போவதற்கான சீட்டாகவும் அமைந்துவிட்டது.

2022-ம் வருஷச் சட்டம் இப்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மீண்டும் மந்திரியிடம் சேர்த்தது. 2024 செப்டம்பரில் புதிய டிப்ளமா தொடங்கிற்று. முன்பு 100 மணி போதனை அனுபவம் போதும். இப்போது 250 மணி வேண்டும். உத்தியோகத்தில் இருப்பவருக்கு இது பெரிய பாரமன்று. அவர் எப்படியும் போதித்துக்கொண்டுதானே இருக்கிறார்! படிக்கவும் எழுதவும் வேண்டிய மணிகளே அவருக்குக் கிடைப்பதில்லை.

அதற்கும் அந்நாட்டிலேயே வழி இருக்கிறது. பயிற்சித் தொழிலாளர் திட்டத்தின் கீழ் சேரும் ஆசானுக்கு, சம்பளம் பெறும் வேலை நேரத்திலேயே பயிற்சி அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. தனித்து டிப்ளமா படிப்பவருக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. இருவரும் ஒரே கலாசாலையில் அடுத்தடுத்த அறைகளில் ஒரே வேலையைச் செய்கிறவர்கள்; ஒருவருக்குப் பிற்பகல் கிடைக்கிறது, மற்றவருக்கு நள்ளிரவு.