ஆங்கிலத்தில் ஓர் அழைப்பு மின்னஞ்சல்



வெற்றிலை பாக்குத் தட்டேந்தி வீடு தேடிச் சென்று அழைப்பது தமிழர் மரபு. ‘கட்டாயம் வரவேண்டும்’ என்று வற்புறுத்துவதிலேதான் நம் அன்பும் மதிப்பும் வெளிப்படுகின்றன. ஆயின், இதனையே ஆங்கிலத்தில் ‘யூ மஸ்ட் கம்’ என்று முன்பின் அறியாத ஒரு பெரியவருக்கு எழுதினால், அழைப்பு கட்டளையாக மாறிவிடும். வர இயலாதெனில் மறுப்பதற்கும் இடம் விட்டு அழைப்பதே ஆங்கில முறையின் மரியாதை. இவ்வேறுபாட்டை உணர்த்துவதே கற்பித்தலின் முதற்படி எனக் கருதுகிறோம்.

இப்பயிற்சி நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும்? நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரம் 1972ஆம் ஆண்டு பினாங்கின் பாயான் லெப்பாசில் தோன்றியது. அங்குள்ள பன்னாட்டுத் தொழிற்சாலைகளில் ஆங்கில மின்னஞ்சல் அன்றாடக் கருவியாகும். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளின் முதற்பகுதியும், ஏறத்தாழ 80 சொற்களில் மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுவதாகவே அமைந்துள்ளது. எனவே, தொடக்கப்பள்ளியிலேயே அடித்தளம் இடுதல் நன்று.

பள்ளியின் அறிவியல் விழாவுக்குத் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவரை அழைப்பதாகக் கொள்வோம்.

முதலாவது, தலைப்பு. ‘இன்விடேஷன் டு சயன்ஸ் டே’ எனச் சுருக்கமாக அமைதல் வேண்டும்.

இரண்டாவது, விளி. சீனர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் நிற்கும். ஆகவே டான் எனத் தொடங்கும் பெயருடையவர் ‘மிஸ்டர் டான்’ ஆவார். மலாய்க்காரர் பெயரில் ‘பின்’ என்பதற்கும், தமிழர் பெயரில் ‘அனாக் லெலாக்கி’ என்பதற்கும் பின்னே வருவது தந்தை பெயர். அதனைக் கொண்டு விளித்தல் தவறு. டத்தோ பட்டம் பெற்றவருக்கு ‘மிஸ்டர்’ சேர்த்தலாகாது.

மூன்றாவது, செய்தி. அழைப்பவர் யார், என்ன நிகழ்ச்சி, எந்நாள், எத்தனை மணி, எவ்விடம் என்னும் ஐந்தும் இடம்பெற வேண்டும். மாதத்தை எழுத்தால் எழுதுக. 7/8 என்பது நமக்கு ஆகஸ்டு 7. அமெரிக்கருக்கோ ஜூலை 8!

நான்காவது, அழைப்பு வாக்கியம். ‘வீ வுட் பீ ஹானர்ட் இஃப் யூ குட் ஜாயின் அஸ்’ என்பது பொருத்தமானது. தாங்கள் கலந்துகொள்ள இயலுமாயின் பெருமையுறுவோம் என்பது இதன் பொருள். ‘இஃப்’ என்னும் அச்சிறு சொல்லே மறுப்பதற்கு இடம் தருகிறது.

ஐந்தாவது, முடிவு. எந்நாளுக்குள் மறுமொழி வேண்டுமெனப் பணிவுடன் குறிப்பிடுக. பெயர் சொல்லி விளித்திருப்பின் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ எனவும், ‘டியர் சர் ஆர் மேடம்’ என விளித்திருப்பின் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’ எனவும் முடிப்பது வழக்கம். அதன்கீழ் அனுப்புவோர் பெயரும் பள்ளியின் பெயரும் அமைதல் வேண்டும்.

அனுப்புவதற்கு முன் சக மாணவர் ஒருவர் விருந்தினராகத் தம்மை எண்ணி அதனைப் படிக்கட்டும். அம்மடலை மட்டும் கொண்டு அவரால் உரிய நேரத்தில் விழாவுக்கு வர முடியுமா? முடியுமெனில் அது நன்மடல்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் துணைபுரியலாம். வேலை முடிந்து வீடு திரும்பியதும், ‘யார் அழைக்கிறார்? எதற்கு? எந்த நாள்? எத்தனை மணி? எங்கே?’ என வினவுங்கள். ஒவ்வொரு விடையையும் மடலில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம். பிறர் கையை எதிர்பாராது தம் மடலைத் தாமே எழுதும் தலைமுறையை உருவாக்குவோமாக!