மன அழுத்தமும் முதுகுவலியும்: ஒஸ்டியோபதி எதற்கு உதவும்?

பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் வயிற்றைக் கலக்குகிறது. கடன் தவணை நெருங்கினால் கழுத்தும் தோள்மூட்டும் இறுகிப்போகின்றன. கவலை மனதில் இருக்க, நோவு ஏன் உடலில் வருகிறது?

இதயத்துடிப்பு, சுவாசம், சமிபாடு ஆகியவற்றை நாம் நினைக்காமலே நடத்துவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. மூளை ஆபத்தை உணர்ந்ததும் அதன் ஒரு பிரிவான பரிவு நரம்புகள் செயற்படுகின்றன. அதிரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, சமிபாடு மந்தமாகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்து நீங்கியதும் பரபரிவு நரம்புகள் உடலை அமைதிப்படுத்துகின்றன. உடல் இவ்வாறு தன் உள்நிலையைச் சீராக வைத்திருப்பதே ஒருசீர்த்திடநிலை. 1920களில் இதற்குப் பெயரிட்டவர் அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கெனன்.

துரத்தும் நாயிடமிருந்து தப்ப இந்த ஏற்பாடு போதும். ஆனால் கடனும் வேலைப்பளுவும் மாதக்கணக்கில் தொடர்பவை. அப்போது இறுகிய தசை தளர்வதற்கு இடமில்லாமல் போகிறது, தூக்கமும் கெடுகிறது.

இந்த இறுக்கத்தைக் கைகளால் அழுத்தியும் நீட்டியும் தளர்த்தும் முறைகளில் ஒன்றுதான் ஒஸ்டியோபதி. 1864இல் மூளையுறை அழற்சிக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த அமெரிக்க வைத்தியர் அன்ட்ரூ டெய்லர் ஸ்டில், அன்றைய மருந்துகளில் நம்பிக்கை இழந்து 1874இல் இதனை முன்வைத்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். உடல் ஒரே தொகுதியாக இயங்குகிறது என்ற அவரது கருத்து இன்றும் பொருந்தும். பெரும்பாலான நோய்களுக்கு எலும்புகளின் ஒழுங்கீனமே மூலம் என்ற கருத்தை மருத்துவம் ஏற்கவில்லை.

நாரி நோ எனப்படும் கீழ்முதுகு வலிக்கு இச்சிகிச்சை ஓரளவு நிவாரணம் தரலாம். பிரித்தானியாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டியும் கைச்சிகிச்சையை உடற்பயிற்சியுடன் சேர்த்து மட்டுமே பரிந்துரைக்கிறது. சிகிச்சையின்போது மனம் இலேசாவதும் உண்மையே. ஆனால் 'நரம்புத் தொகுதியையே சீரமைப்போம்', 'ஆஸ்துமாவையும் நீரிழிவையும் குணப்படுத்துவோம்' என்ற விளம்பரங்களுக்குப் போதிய சான்று இல்லை. அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

இணையத்தில் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒஸ்டியோபதி வைத்தியர்கள் மருந்து எழுதவும் சத்திரசிகிச்சை செய்யவும் உரிமம் பெற்ற முழுமையான வைத்தியர்கள். பிரித்தானியாவில் அவர்கள் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவுபெறும் கைச்சிகிச்சையாளர்கள். எனவே, சிகிச்சை அளிப்பவரின் பயிற்சியையும் பதிவையும் முதலில் விசாரியுங்கள்.

முதுகுவலியுடன் கால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை, தொடையிடுக்கில் விறைப்பு, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விழுந்து அடிபட்டவர்களும் எலும்பு நலிவுள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் முள்ளந்தண்டை அழுத்தவோ திருப்பவோ விடக்கூடாது.

மற்றவர்கள் செலவின்றித் தொடங்கக்கூடியவையும் உண்டு. தினமும் நடப்பது, நேரத்துக்குத் தூங்குவது, மூச்சை மெதுவாக வெளிவிடுவது ஆகியவை பரபரிவு நரம்புகளுக்குத் துணைநிற்கும். கழுத்தை இறுக்குவது கடன்தான் என்றால், அதைப்பற்றி வீட்டில் வாய்விட்டுப் பேசுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.