அணுக்கருவுக்குள் – 9: ஒரு பக்கம் சாயும் மீசோன்கள்

சென்ற இதழில் விவரிக்கப்பட்ட மோதல்களில், இரண்டு பார அணுக்கருக்கள் நேருக்கு நேர் முட்டாமல் சற்றே விலகி உரசிச் செல்லும்போது, அவற்றின் கோண உந்தத்தில் ஒரு பகுதி, குவார்க்குகளும் குளூவன்களும் கட்டவிழ்ந்து ஓடும் குழம்பில் தங்கிவிடுகிறது. எல்ல, பண்டாரவளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளில், வட்டமிட்டு ஓடும் உருளைக்கும் அடியிலுள்ள மேசைக்கும் இடையே அகப்பட்ட வாட்டிய கொழுந்து, மேலும் கீழும் வெவ்வேறு வேகத்தில் இழுபடுவதால் முறுக்கிக்கொள்வதைப் போலவே, இந்தக் குழம்பின் அடுக்குகளும் வேக வேறுபாட்டால் சுழல்கின்றன. அச்சுழலில் பிறக்கும் துகள்களின் தற்சுழற்சி ஒரே திசையில் சாய வேண்டும் என்று 2005இல் லியாங், வாங் ஆகிய இருவரும் கணித்தனர். இச்சாய்வே முனைவாக்கம் எனப்படுகிறது.

அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் பொன் அணுக்கருக்களை மோதவிட்ட ஸ்டார் குழு, 2017இல் லாம்டா துகள்களில் இச்சாய்வைக் கண்டறிந்து, வேறெந்தப் பாய்மத்திலும் அறியப்படாத சுழல்வேகத்தை அதிலிருந்து கணக்கிட்டது. லாம்டா சிதையும்போது அதன் புரோத்தன் பெரும்பாலும் தற்சுழற்சியின் திசையிலேயே பறப்பதால், அங்கே வேலை எளிதாயிற்று.

மீசோன்களில் அவ்வசதி இல்லை. ஒரு குவார்க்கும் ஒரு எதிர்க்குவார்க்கும் சேர்ந்த ஃபை, கே-விண்மீன் போன்ற மீசோன்களின் தற்சுழற்சி அலகு 1 ஆகையால், தெரிவுசெய்த அச்சொன்றின் மீது அது +1, 0, −1 என்ற மூன்று நிலைகளில் நிற்கலாம். ஆனால் அவை வலிய விசையால் சிதைவதால், மேல்நோக்கிய நிலையையும் கீழ்நோக்கிய நிலையையும் பிரித்தறிய இயலாது, 0 நிலையின் பங்கு மட்டுமே சேய்த்துகள்கள் பறக்கும் கோணங்களின் பரவலில் புலப்படும். சாய்வு ஏதுமில்லையெனில் அப்பங்கு சரியாக மூன்றில் ஒன்றாகும்.

ஜெனீவாவின் ஆலிஸ் குழு, புவனேசுவரத்தின் நைசர் நிறுவனத்தைச் சேர்ந்த பெடங்கதாஸ் மொஹந்தி உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்களின் முக்கியப் பங்களிப்புடன், ஈய அணுக்கருக்களின் மோதலில் குறைந்த குறுக்கு உந்தத்தில் இப்பங்கு மூன்றில் ஒன்றைவிடக் குறைவதை 2020இல் வெளியிட்டது. தற்சுழற்சியே இல்லாத கேயானையும் அதே முறையில் அளந்தபோது, எதிர்பார்த்தபடி மூன்றில் ஒன்றே கிடைத்தது என்பது அளவீட்டின் மீது நம்பிக்கை தருகிறது. எனினும் கே-விண்மீனுக்கு ஏறத்தாழ மூன்று திட்டவிலகலும் ஃபைக்கு இரண்டும் என்பவை முடிந்த முடிபாகக் கொள்ளத்தக்க எண்கள் அல்ல.

சிக்கல் 2023இல் முற்றியது. குழம்பின் சுழற்சி மட்டுமே காரணமெனில், மீசோனின் விலகல் குவார்க்கின் முனைவாக்கத்தினுடைய வர்க்கத்தைப் பொறுத்ததாகி, நூற்றுக்குச் சில பங்கான சாய்வு பத்தாயிரத்தில் சில பங்காகச் சுருங்கி, 0 நிலையின் பங்கையும் குறைத்தே காட்ட வேண்டும். ஸ்டார் குழுவோ தாழ்ந்த சக்திகளில் ஃபை மீசோனுக்கு ஏறத்தாழ 0.35 என்ற மதிப்பைப் பெற்றது. அளவும் பெரிது, திசையும் நேரெதிர். அதே மோதல்களில் கே-விண்மீனோ மூன்றில் ஒன்றிலிருந்து அசையவில்லை. வலிய விசையின் புலம் இடத்துக்கிடம் ஏறியிறங்குவதே காரணம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர்: ஃபையின் இரு உறுப்புகளும் ஒரே வகைக் குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும் ஆகையால் அந்த ஏற்ற இறக்கத்தை ஒத்திசைவாக உணர்கின்றன, வெவ்வேறு வகை உறுப்புகளால் ஆன கே-விண்மீனுக்கு அந்த ஒத்திசைவு வாய்ப்பதில்லை. விளக்கம் கவர்ச்சியானதே; ஆயினும் ஆலிஸ் கண்ட குறைவையும் ஸ்டார் கண்ட மிகையையும் ஒரே கணக்கில் அடக்குவது இன்னும் பெரும் சவாலாகவே நிற்கிறது.